நாகம்மாவின் அறிவித்தலில் குறைந்த சொல்

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் இடது முழங்கால் இந்த நிமிஷமே மடங்காமல் போகட்டும். வலது முழங்காலைப் போன வருஷமே வேறொரு உண்மைக்காகக் கொடுத்துவிட்டபடியால் இடதை வைத்துத்தான் சத்தியம் பண்ணவேண்டியிருக்கிறது. நம்பாதவர்கள் வெள்ளாங்குடாவுக்குப் போய்ப் பாருங்கள். அப்படியொரு ஊர் எந்தத் தேசப்படத்திலும் இல்லையே என்று மட்டும் சொல்லாதீர்கள். படத்தில் இல்லாத ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்களும் சொன்னால், அரசாங்கத்துக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவில் வெற்றிலைக் காம்புபோல ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஊரில் ஒருவர் செத்தால் முதலில் வீட்டாருக்குத் தெரியும், அடுத்தது இராசமலருக்குத் தெரியும், அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரியும். இராசமலர்தான் ஊரின் மரண அறிவித்தல்காரி. முப்பத்தைந்து வருஷமாக அதுதான் அவள் தொழில். தில்லையம்பலத்தின் ஓட்டோக் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, பின்சீற்றில் மைக்கோடு உட்கார்ந்து, செத்தவரின் பிறப்பிடம், வசிப்பிடம், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு மாமி என்று ஒரு உறவும் விடுபடாமல் தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிப்போய், கடைசியில் ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்’ என்று முடிப்பாள். அவள் குரல் போகாத ஒழுங்கையில் அந்த ஆள் இன்னும் சாகவில்லை என்றுதான் கணக்கு.

அந்தத் தொழிலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். அறிவித்தலில் ஒரு பிழை விட்டால், பிழை விட்ட அதே குரல், தொடங்கிய அதே சந்தியில் தொடங்கி, அதே ஒழுங்கைகளால் போய்த் திருத்திச் சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் எடுபடாது. ஒருமுறை சதாசிவம் செத்ததற்கு அவர் தமையன் அம்பலவாணரின் பெயரை வாசித்துவிட்டாள் இராசமலர். அடுத்தநாள் உயிரோடிருந்த அம்பலவாணரையே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு திருத்தம் சொல்லப் போனாள். மனிசன் வெளியே தலையை நீட்டிக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். அப்படியிருந்தும், திருத்தம் இன்னும் வந்துசேராத ஒழுங்கையில், ‘உங்களுக்கு இப்ப தேத்தண்ணி தரேலாது, மைக்கிலை உங்களைச் சொல்லிப்போட்டினம்’ என்று அவருடைய சொந்த மச்சாளே படலையைச் சாத்தினாள். வெள்ளாங்குடாக்காரருக்குக் கண்ணைவிட மைக்கில்தான் நம்பிக்கை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மந்திரி ஒருவர் வந்து நல்லிணக்கத் தண்ணீர்த்தாங்கி ஒன்றைத் திறந்துவைத்தார். தாங்கியின் வயிற்றில் பளிங்குக்கல் பதித்து, ‘சம்பவத்தின்போது பாதிக்கப்பட்டோர் நினைவாக’ என்று எழுதியிருந்தது. என்ன சம்பவம், யாரால் பாதிப்பு, என்ன பாதிப்பு என்பதெல்லாம் கல்லில் இடம் போதாமல் விடுபட்டுப்போயிற்று. மந்திரியின் பெயருக்கு மட்டும் நாலு வரி இடம் இருந்தது. மந்திரி மைக்கைப் பிடித்து ‘அன்பான மக்களே’ என்று வாயைத் திறந்தார். மணி சரியாகப் பத்துப் பத்து. ஸ்பீக்கரிலிருந்து மந்திரியின் குரல் வரவில்லை. ஒரு பெண்ணின் குரல் வந்தது.

“வெள்ளாங்குடா மேற்கைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட மருத்துவிச்சி காசிப்பிள்ளை நாகம்மா அவர்கள், முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதம் பதினோராம் நாள் புதன்கிழமை, நெற்களஞ்சியத்தடியில்…”

அவ்வளவுதான். அதற்கு மேல் வெறும் இரைச்சல். ஒரு துண்டுப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்று முடிக்கும் நேரம் இரைந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அந்தக் குரல் தொடர்ந்தது. “அன்னார் செல்லத்துரையின் அன்பு மனைவியும், திரவியம், சறோஜா ஆகியோரின் பாசமிகு தாயும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

சவுண்ட்ஸ்காரப் பெடியன் வயரைப் பிடுங்கியும் அது பேசி முடித்துவிட்டுத்தான் நின்றது. கோயில் ஸ்பீக்கரும் அதையேதான் சொல்லியிருந்தது, தேவாலய ஸ்பீக்கரும் சொல்லியிருந்தது, பள்ளிவாசல் ஸ்பீக்கரும் சொல்லியிருந்தது, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோவும் பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லியிருந்தது. செவிட்டு அருளப்பரின் காதுக்கருவிகூடச் சொல்லியிருந்தது. குரலைப் பெருப்பிக்கிற எதுவும் அந்த ஊரில் அந்த நேரம் வேறொன்றையும் பெருப்பிக்கவில்லை.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்று கேட்டால், இல்லை. “நாகம்மாவின்ரை அறிவித்தல் இப்பதான் வருகுது. பிந்தித்தான் போச்சு” என்றார் அருளப்பர், காதுக்கருவியைக் கழற்றித் துடைத்தபடி. “எங்கடை தபாலும் உப்பிடித்தானே.”

சனத்தின் நடுவே நின்ற இராசமலர் மட்டும் தண்ணீர்த்தாங்கியின் காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரல் அவளுடையது. இருபத்தொன்பது வயதில் அவளிடமிருந்த, கரகரப்பு ஏறாத குரல். எல்லாருக்கும் அது தெரிந்தது, ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்த ஒரு விஷயத்தில் அவளைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு ஊர் நன்றாகப் பழகியிருந்தது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் நடந்தது இவ்வளவுதான். களப்பைச் சுற்றியுள்ள ஒன்பது ஊர்களில், ஆறு நாளில், துவக்கோடு வந்தவர்கள் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டார்கள். பெயர் எங்கள் மொழிப் பெயராக இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நின்றவர்கள் திரும்பி வரவில்லை. வெள்ளாங்குடாவின் நெற்களஞ்சியத்தடியில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேர். களப்புக்குள் இறங்கி ஒளித்தவர்கள்தான் மிஞ்சினார்கள். ஒரு இனத்தை இனமென்பதற்காகவே தேடித் தேடிக் கொன்றால் அதற்கு உலகத்தில் ஒரு சொல் இருக்கிறது, ஏழெழுத்து. அந்த ஏழெழுத்தைத்தான் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். அரசாங்கம் சம்பவம் என்றது, பத்திரிகை அசம்பாவிதம் என்றது, பாடப்புத்தகம் அக்காலத்து நிலைமைகள் என்றது. இராசமலரின் குரல் அன்று என்ன சொன்னது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அடுத்தநாள் பத்துப் பத்துக்கும் நாகம்மா வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒரு மாதத்துக்குள் ஊர் அதைத் தன் நாளுக்குள் மடித்து வைத்துக்கொண்டது. பஞ்சாங்கக்கார ஐயர் இராகுகாலத்துக்குப் பக்கத்தில் நாகம்மா காலம் என்று ஒரு பத்து நிமிஷத்தைக் குறித்தார், அந்த நேரத்தில் தாலி கட்டுவதில்லை. மீன் ஏலம் பத்தே முக்காலுக்குத் தள்ளிப்போனது. பள்ளிக்கூடத்தில் இரைச்சல் வரும் நேரத்தில் பிள்ளைகள் பென்சில் சீவினார்கள். தினமும் அவள் உறவுமுறை கேட்டுக் கேட்டு, அவளைக் கண்டிராதவர்களும் அவளுக்கு உறவாகிவிட்டார்கள். பிள்ளை பெறப்போகிற பெண்கள் ஸ்பீக்கர்க் கம்பத்தடியில் வந்து நின்று வயிற்றைத் தடவினார்கள். ஆவணி பதினோராம் நாள் அவளுக்குத் திவசம் கொடுத்தபோது, கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிற உரிமை யாருக்கு என்று, அவளுக்கு ஒரு உறவுமுறையும் ஆகாத இரண்டு குடும்பங்கள் ஒரு கிழமை கதைபேச்சில்லாமல் இருந்தன.

ஆனால் அந்த இரைச்சல்தான் ஒருவருக்கும் பொறுக்கவில்லை. வாக்கியம் ஓடிவந்து ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்புகிறது, விழுந்த இடத்தில் ஒரு சொல் இல்லை. ஊர் கேட்கப் பொறுக்காததை அரசாங்கம் வேறு காரணத்துக்காகப் பொறுக்கவில்லை. மந்திரி ஒவ்வொரு முறையும் ஒரு செத்தவளிடம் மைக்கைப் பறிகொடுக்க முடியுமா? ஆகவே சொற்றெரிவுக் குழு ஒன்றை அமைத்தார்கள். தலைவர் பிரதேச செயலாளர் ஜெயவீரசிங்கம். நல்ல மனிதர், எங்கள் ஆள், எறும்பைக்கூடத் தாண்டித்தான் கால் வைப்பார், கையெழுத்தைப் பென்சிலால்தான் போடுவார். இரைச்சல் வரும் நேரத்தில் பொருத்தமான ஒரு சொல்லை மைக்கில் சொல்லிவிட்டால் பள்ளம் நிரம்பிவிடும் என்பது குழுவின் கண்டுபிடிப்பு.

முதல்நாள் ஜெயவீரசிங்கம் தொண்டையைச் செருமி “உயிரிழந்தார்” என்றார். ஸ்பீக்கர் ஒரு கணம் யோசித்தது. பிறகு, தப்பாக எழுதின பிள்ளையின் கொப்பியை வாத்தியார் திருப்பிக் கொடுப்பதுபோல, “வெள்ளாங்குடா மேற்கைப் பிறப்பிடமாகவும்…” என்று முதலிலிருந்து தொடங்கியது. “மறைந்தார்” என்றார். முதலிலிருந்து. “அமரத்துவம் எய்தினார்” என்றார். முதலிலிருந்து. தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, ‘அந்நாளைய சூழ்நிலைக்கு இலக்கானார்’ என்ற சொற்றொடரை மூன்று நாள் பட்டிஸும் றோல்ஸும் தின்று உருவாக்கினார். அவர் ‘சூழ்நி’ வரைக்கும் வரமுன்பே ஸ்பீக்கர் மறுபடி தொடங்கிவிட்டது. அன்று ஒரே நாளில் நாகம்மா இருபத்தாறு தடவை வந்தாள். பின்னேரம் வரையும் பாண் விற்க முடியவில்லை.

விஷயம் கடல் தாண்டிப் போக, வெளிநாட்டுப் பிரதிநிதிகள் மூன்று பேர் வந்தார்கள். முதலாவது ஆள் கரிசனை தெரிவித்தார். ஊர் போதாது என்று முகம் சுளிக்க, ஆழ்ந்த கரிசனை தெரிவித்தார். அதுவும் போதாமல் மிக ஆழ்ந்த கரிசனைக்குப் போனார், அதற்குக் கீழே போக அவருக்கு அனுமதியில்லையாம். இரண்டாவது பெண்மணி, அந்த ஏழெழுத்தைப் பற்றி விவாதிக்கலாமா என்பதை விவாதிக்கத் தங்கள் பாராளுமன்றத்தில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். மூன்றாவது ஆள்தான் நேர்மையானவர். செவ்விளநீர் குடித்த குளிர்ச்சியில், “எங்கள் நாட்டிலும் நூறு வருஷத்துக்கு முன் இப்படி ஒன்று நடந்தது. உங்களுடையதற்கு அந்தப் பெயரை வைத்தால் எங்கள் வளவையும் கிண்டவேண்டி வரும். நாங்கள் அங்கே நல்ல புல் வளர்த்திருக்கிறோம்” என்றார்.

அவர்களோடு வந்த நிபுணர் ஒருவர், அந்தச் சொல்லைப் பாவிப்பதற்கு, கொன்றவர்களின் நோக்கம் நிரூபிக்கப்படவேண்டும் என்றார். கொல்லும்போது அவர்கள் மனதில் என்ன இருந்தது, அதை எழுத்தில் கொடுத்தார்களா என்று கேட்டார்.

“பேர் கேட்டுக் கேட்டுப் பிரிச்சவங்கள், சேர்” என்றான் ஓட்டோவில் சாய்ந்து நின்ற தில்லையம்பலம். “அதைவிட என்ன எழுத்து வேணும் உங்களுக்கு?”

நிபுணர் கொப்பியில் ‘ஒழுங்கான பதிவுமுறை இருந்துள்ளது’ என்று எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் எங்கள் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தச் சொல் தங்கள் சொத்து என்று ஒரு கட்சியும், தாங்களே அதை முதலில் சொன்னதாக மற்றக் கட்சியும் கல்லெறிபட்டன. தேர்தல் கிட்ட வந்தபோது ஒரு தலைவர் சால்வையைச் சரிசெய்து, கமராக்காரனைப் பக்கத்தில் கூப்பிட்டு, இரைச்சல் தொடங்கிய கையோடு அந்த ஏழெழுத்தை மைக்கில் ஓங்கிச் சொன்னார். சனம் மூச்சை அடக்கியது. ஸ்பீக்கர் முதலிலிருந்து தொடங்கியது. பதின்மூன்று தடவை சொன்னார், பதின்மூன்று தடவையும் நாகம்மா முதலிலிருந்து வந்தாள். தலைவர் சால்வையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை எதிர்க்கட்சி வாங்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு தில்லையம்பலம் சொன்னான், “சொல்லிலை பிழையில்லை. சொன்ன ஆள்தான் பிழை.”

பின்சீற்றில் இருந்த இராசமலர் கையிலிருந்த, பால் விடாத வெறும் சாயத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளாங்குடாவில் சாயத்தண்ணியை ஒரு துண்டுச் சீனியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார்கள். இராசமலர் மட்டும் கடிப்பதில்லை. அவளுக்கு நீரிழிவு, சீனி வருத்தம் என்று ஊர் நினைத்திருந்தது.

“உனக்கு முதல்நாளே தெரியும், என்ன பிள்ளை?” என்றான் தில்லையம்பலம்.

“ஓம்.”

“அது திருத்தம் கேக்குது.”

“எனக்குத் தெரியுமெண்டு சொல்லுறன், தில்லையண்ணை. நீங்கள் வண்டியை எடுங்கோ.”

இப்போது சொல்கிறேன். அந்த ஆவணி பன்னிரண்டாம் நாள் காலை, களஞ்சியத்திலிருந்து புகை அடங்க முன்பே, ஒரு அதிகாரி சவுண்ட்ஸ் கடைக்கு வந்தான். கத்தவில்லை, துவக்கைக் காட்டவில்லை. நல்ல மரியாதைக்காரன். “அக்கா, சனம் பதற்றப்படக்கூடாது. இதை வாசியுங்கள்” என்று தட்டச்சு செய்த தாள்களை நீட்டினான். நானூற்றுப் பன்னிரண்டு பெயர், ஒவ்வொன்றின் முடிவிலும் ‘காய்ச்சலால் காலமானார்’. தில்லையம்பலம் பழைய மொறிஸ் காரை ஓட்ட, அதிகாரி முன்சீற்றில் இருக்க, இரண்டு நாள், ஊரின் எல்லா ஒழுங்கைகளாலும் இராசமலர் அதை வாசித்தாள். வேலிக்கு வேலி சனம் நின்று கேட்டது. காய்ச்சல் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நூறாவது பெயரில் அவள் குரல் உடைந்தபோது அதிகாரி பொக்கற்றிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து, “தொண்டைக்கு நல்லது, அக்கா” என்று கொடுத்தான். அவள் வாயில் போட்டுக்கொண்டாள். இனித்தது. அந்த இனிப்பு வாயில் இருக்கும்போதுதான் இருநூற்று எண்பத்தெட்டாம் பெயர் வந்தது. சிவக்கொழுந்து பூரணம், பத்தொன்பது வயது, இராசமலரின் ஒரே தங்கை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவள் நிறுத்தாமல் வாசித்தாள், “காய்ச்சலால் காலமானார்.” கடைசி எழுத்துவரை வாய் இனித்தது.

அதற்குப் பிறகு அவள் சீனியைத் தொடவில்லை. ஸ்பீக்கருக்குத் திருத்தம் வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். திருத்தம் என்றால் நானூற்றுப் பன்னிரண்டும், அதே வழியால். அதற்குள் இருநூற்று எண்பத்தெட்டும் இருக்கிறது. அந்தப் பெயரை முப்பத்தொரு வருஷமாக அவள் மனதுக்குள்கூட உச்சரித்ததில்லை. ஊர் அதைக் கேட்டுவிட்டு, இத்தனை வருஷம் திரும்பாத பார்வையை ஒருமுறை அவள் பக்கம் திருப்பிவிட்டால்? அதற்குத்தான் அவள் பயந்தாள். பொலிஸுக்கல்ல.

நாகம்மா வரத் தொடங்கிய ஏழாம் மாதம் ஜெயவீரசிங்கம் இராசமலரின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார்.

“அம்மா, குரல் உங்கடை எண்டு மேலிடம் கண்டுபிடிச்சிட்டுது. ஒரு சின்ன உதவி. உங்கடை குரலாலேயே இதை ஒருக்கால் வாசிச்சு விட்டீங்கள் எண்டால் எல்லாம் முடிஞ்சுது.”

அவர் நீட்டிய தாளில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் தட்டச்சில் இருந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘எதிர்பாராத நிகழ்வில் இன்னுயிர் நீத்தார்’.

“எதிர்பாராத எண்டால் ஆர் எதிர்பாராத, சேர்?” என்று கேட்டாள் இராசமலர். “வந்தவங்கள் பட்டியலோடை வந்தவங்கள்.”

“அம்மா, எனக்கும் தெரியும். என்ரை சித்தப்பாவும் அதிலை இருக்கிறார், நூற்றிப் பத்தொன்பது. நான் என்ன செய்ய? அந்தத் தலைவர் சொல்லிப்போன கையோடை அந்த ஏழெழுத்துக்குத் தடை உத்தரவும் வந்திட்டுது, சொன்னால் உங்கடை மைக் அனுமதிப்பத்திரம் போகும். என்ரை கதிரையும் போகும்.” மனிசன் உண்மையிலேயே கலங்கினார். பிறகு, போகும்போது, நல்ல மனதோடு பொக்கற்றுக்குள் கையை விட்டு எதையோ எடுத்து மேசையில் வைத்தார். “நிறைய வாசிக்கவேணும். தொண்டைக்கு நல்லது.”

கடதாசியில் சுற்றிய இரண்டு கற்கண்டு.

இராசமலர் அவற்றைத் தாளால் மூடிவைத்தாள். பிறகு தில்லையம்பலத்துக்குப் போன் எடுத்தாள். “வண்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ அண்ணை. நாளைக்குக் காலமை மாவடிச் சந்தியிலையிருந்து.”

“மாவடிச் சந்தி?” என்றான் அவன். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தொடங்கிய சந்தி அது. “ரண்டு ஸ்பீக்கரோ, நாலோ?”

“இருக்கிறதெல்லாம்.”

மறுநாள் பத்துப் பத்துக்கு ஊரெங்கும் நாகம்மா வந்தாள். நெற்களஞ்சியத்தடியில் என்ற இடத்தில் பள்ளத்தில் விழுந்து இரைந்தாள். மாவடிச் சந்தியில் நின்ற ஓட்டோவின் பின்சீற்றில் இராசமலர் மைக்கை வாயருகே பிடித்தாள்.

“திருத்தம்” என்றாள். கிழட்டுக் கரகரத்த குரல். “முப்பத்தொரு வருஷத்துக்கு முதல் இதே சந்தியிலை, சிவக்கொழுந்து இராசமலர் ஆகிய நான், காய்ச்சல் எண்டு வாசிச்சது பிழை. தெரிஞ்சு வாசிச்ச பிழை. காசிப்பிள்ளை நாகம்மா அவர்கள், பேர் கேட்டுப் பிரிச்செடுக்கப்பட்டு, இனப்படுகொலையிலை கொல்லப்பட்டார்.”

இரைச்சல் நின்றது. ஏழு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அந்த வாக்கியம் தன் காலில் எழுந்து நடந்து போய், செல்லத்துரையின் அன்பு மனைவியைத் தாண்டி, திரவியம் சறோஜாவின் தாயைத் தாண்டி, ‘ஏற்றுக்கொள்ளவும்’ என்று முடிந்தது. அடுத்த கணம் இளம்குரல் இரண்டாம் பெயரைத் தொடங்கியது. இளம்குரல் பெயரைச் சொல்ல, கிழட்டுக் குரல் திருத்தம் சொல்ல, தில்லையம்பலம் முதல் கியரில் வண்டியை உருட்டினான். இருட்டினால் அறிவிப்பதில்லை என்பது தொழில் ஒழுங்கு, ஆகவே அன்று பொழுதுபட நூற்றி எழுபத்தாறில் நிறுத்தி, மறுநாள் காலை நூற்றி எழுபத்தேழில் தொடங்கினார்கள். பொலிஸ் ஜீப் ஒன்று பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு வேலியிலும் சனம் நின்றதால் முந்திப்போக வழியில்லாமல், கடைசிவரை பின்னாலேயே வந்தது. நூற்றிப் பத்தொன்பதாம் பெயர் வந்தபோது பிரதேச செயலகத்தின் மாடி ஜன்னலில் ஜெயவீரசிங்கம் நின்றதாகவும், கையில் பென்சில் இல்லை என்றும் சொல்கிறார்கள்.

இருநூற்று எண்பத்தெட்டு களப்படி ஒழுங்கையில் வந்தது. “சிவக்கொழுந்து பூரணம் அவர்கள்…” என்று இளம்குரல் சொல்லி இரைச்சலில் விழுந்தது. இராசமலரின் வாய் திறந்தது. சொல் வரவில்லை. வண்டி நின்றது. இரைச்சல் நீண்டது. வேலிக்கரையில் நின்ற நூறு பேரும் இப்போது அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக, ஒருவரும் கண்ணை விலக்காமல்.

“வாசி பிள்ளை” என்றார் வேலிக்கரையிலிருந்து செவிட்டு அருளப்பர், காதுக்கருவியைக் கையால் அழுத்திக்கொண்டு. “நாங்கள் அண்டைக்கும் கேட்டு நிண்டனாங்கள். எங்கடை வாய்க்குள்ளையும்தான் காய்ச்சல் கிடந்தது.”

“என்ரை தங்கச்சி” என்றாள் இராசமலர். அது அறிவித்தல் முறையில் இல்லாத சொல். “வாசலிலை பேர் கேட்டவங்கள். தன்ரை பேர் வடிவான பேர் எண்டு அவளுக்குப் பெருமை. சத்தமாச் சொன்னவள். திருத்தம். பூரணம் இனப்படுகொலையிலை கொல்லப்பட்டாள். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள்…”

ஊரில் எத்தனையோ ஆயிரம் அறிவித்தல் போயிருக்கிறது. ஒன்றுக்கும் ஒருவரும் பதில் சொன்னதில்லை, சொல்கிற வழக்கமில்லை. அன்று களப்படி ஒழுங்கை முழுவதும், மீன்காரரும் பாண்காரனும் பஞ்சாங்க ஐயரும், பால்கறிக்குச் சண்டை பிடித்த இரண்டு குடும்பங்களும் ஒரே குரலில், “ஏற்றுக்கொண்டம்” என்றார்கள். மிச்சம் நூற்றி இருபத்துநாலு பெயருக்கும் அப்படியே சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து சந்தியில் வண்டி நின்றபோது ஒருத்தி சாயத்தண்ணி கொண்டுவந்தாள். தட்டத்தில் வழக்கம்போல ஒரு துண்டுச் சீனி இருந்தது, வழக்கம்போல அதை எடுத்துவிடக் கை நீட்டினாள். இராசமலர் முந்திக்கொண்டாள். கடித்துவிட்டு, கசப்பைக் கடித்தவள்போல முகம் சுளித்து, “கைக்குது” என்றாள்.

“முப்பத்தொரு வருஷத்துச் சீனியல்லோ” என்றான் தில்லையம்பலம். “ரண்டாவது மிடறிலை சரிவரும்.”

பிறகென்ன, கைதுதான். ஆனால் வழக்கு நடந்த சிறப்பை நான் சொல்லவேண்டும். குறித்த நபர், குறித்த தினங்களில், குறித்த சொல்லை நானூற்றுப் பன்னிரண்டு தடவை பாவித்தார் என்று பொலிஸ் பொறுப்பதிகாரி குற்றப்பத்திரம் வாசித்தார். எந்தச் சொல் என்று நீதவான் கேட்டார். தடைசெய்யப்பட்ட சொல் என்றார் பொறுப்பதிகாரி. தடை உத்தரவை எடுத்துப் பார்த்தால் அதிலும் ‘குறித்த சொல்’ என்றுதான் இருந்தது. அந்தச் சொல்லை அச்சடித்தால் அரசாங்கமே அதைச் சொன்னதாகிவிடும் அல்லவா? எந்தச் சொல்லென்று தெரியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்று நீதவான் கோபிக்க, அடுத்த தவணைக்கு அரக்கு முத்திரை வைத்த உறையில் சொல்லை அனுப்பிவைத்தது தலைநகர். உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே ‘மேற்படி சொல்’ என்று எழுதியிருந்தது. வழக்கு இன்றைக்கும் தவணை போய்க்கொண்டிருக்கிறது. இராசமலரின் அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்யக் காரணம் எழுதவேண்டிய கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு ஒரு இலிகிதர் இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறாராம்.

வெள்ளாங்குடாவில் இப்போது பத்துப் பத்துக்கு ஸ்பீக்கர்கள் சும்மா இருக்கின்றன. பாண்காரனின் பாட்டு முழுசாகக் கேட்கிறது. ஆனால் தலைநகரில், ரோஜாச் செடி வைத்த ஒரு பெரிய வீட்டில், ஓய்வு பெற்ற ஒரு கனவான் இருக்கிறார். எல்லாரோடும் மரியாதையாகக் கதைப்பவர், பேரப்பிள்ளைகளுக்குப் பொக்கற்றிலிருந்து கற்கண்டு எடுத்துக் கொடுப்பவர். வயதாகிக் காது மந்தமாகி ஒரு காதுக்கருவி போட்டிருக்கிறார். இராசமலர் கடைசித் திருத்தம் சொன்ன மறுநாள் காலை பத்துப் பத்துக்கு அந்தக் கருவிக்குள் மருத்துவிச்சி நாகம்மா வந்தாள். இரைச்சல் இல்லாமல், சொல் குறையாமல். அடுத்தவர், அடுத்தவர், நானூற்றுப் பன்னிரண்டும். மறுநாளும். கருவியை ஐந்து தடவை மாற்றிப் பார்த்தார்கள். கழற்றி வைத்தால் பேரப்பிள்ளை கூப்பிடுவதும் கேட்கவில்லை, போட்டால் பூரணம் தன் பெயரைச் சத்தமாகச் சொல்கிறாள். மனிசன் சாப்பிடுவதில்லை, படுப்பதில்லை, ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நின்று ‘ஏற்றுக்கொள்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன்’ என்று கும்பிடுகிறாராம். பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டார் சொல்லும் காரணம் காய்ச்சல்.

பூட்டின வீட்டுக்குள் நடப்பது எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், முழங்காலை வைத்துச் சத்தியம் பண்ணியாயிற்று. எழும்பிப் போகும்போது ஒரு உபகாரம் செய்யுங்கள். ஆராவது கேட்டால் நாகம்மாவைச் சொல்லுங்கள், பூரணத்தைச் சொல்லுங்கள், அந்த ஏழெழுத்தையும் வாய்நிறையச் சொல்லுங்கள். சொன்ன கிழவன் ஆரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். எனக்கும் இப்போது காது கொஞ்சம் மந்தம், போன கிழமைதான் ஒரு கருவி வாங்கிப் போட்டிருக்கிறேன், பத்துப் பத்துக்கு மட்டும் கழற்றிவிடுகிறேன்.